'என்னாச்சு?' 'ஒண்ணுமில்ல!' - டீன் ஏஜ் பிள்ளைகள் ஏன் இப்படி? பெற்றோருக்குப் பொறுமை ஏன் முக்கியம்?

மாலை 5 மணி. பள்ளி முடிந்து, டியூஷனுக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு வருகிறான் 9-ம் வகுப்பு படிக்கும் மகன். ஸ்கூல் பேக் ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம்.

"தோசை ஊத்தட்டுமா?"

"வேணாம்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஐயோ அம்மா... சும்மா இரும்மா!"

படார் என்று அறைக்கதவு சாத்தப்படுகிறது. போன வருஷம் வரை அடுப்படியில் நின்றுகொண்டு, எந்த டீச்சர் யாரைத் திட்டினார், யார் யாரோடு 'டூ' விட்டார்கள் என்று மூச்சுவிடாமல் பேசிய பிள்ளைதான் இது. இப்போது ஒரு வார்த்தைக்கு மேல் பதில் இல்லை.

டீன் ஏஜ் பிள்ளை இருக்கும் பல வீடுகளில் தினமும் நடக்கும் காட்சி இது. 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டோமோ?', 'போன்தான் காரணமோ?', 'சேர்க்கை சரியில்லையோ?' என்று பெற்றோர் குழம்புகிறார்கள். உண்மையில் இந்த வயதில் என்னதான் நடக்கிறது? பெற்றோர் எங்கே பொறுக்க வேண்டும், எங்கே பொறுக்கவே கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

பதின்ம வயது என்பது எது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். பொதுவாகப் பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குகின்றன.

இந்தப் பருவத்தைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று பெண்ணின் பருவங்களை வயதுவாரியாகப் பிரித்துப் பெயர் வைத்த மொழி தமிழ். ஆனால் வீட்டில் நடப்பது வேறு. 'இன்னும் குழந்தைதானே' என்று ஒரு நிமிடமும், 'இவ்ளோ பெருசா வளர்ந்தும் அறிவு இல்லையா' என்று அடுத்த நிமிடமும் ஒரே பிள்ளையிடம் சொல்கிறோம். தான் யார் என்ற குழப்பத்தில் பிள்ளை இருக்கும்போது, வீடும் இரண்டு விதமாகப் பேசினால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

மூளைக்குள் என்ன நடக்கிறது?

உயரம் கூடுவதும் குரல் உடைவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு பெரிய வேலை மண்டைக்குள்ளும் நடக்கிறது. அது தெரிவதில்லை.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் தலைமையிலான ஆய்வாளர்கள், ஒரே குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் செய்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பருவ வயதை ஒட்டி மூளையின் சாம்பல் நிறப் பகுதி அதிகரித்து, பிறகு குறைவது அதில் தெரியவந்தது. குறைகிறது என்றால் கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. பயன்படாத இணைப்புகளைக் கழித்துவிட்டு, பயன்படும் இணைப்புகளை மூளை பலப்படுத்துகிறது. நாற்று நெருக்கமாக இருந்தால் சிலவற்றைக் களைந்துவிடுவோம் அல்லவா, அதுபோல.

இந்த வேலை மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. ஆசை, கோபம், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகள் பருவ வயதிலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. 'கொஞ்சம் நில்லு, யோசி' என்று சொல்லும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகிறது.

அதாவது ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது. பிரேக் இன்னும் முழுசாகப் பொருத்தப்படவில்லை. பிள்ளை கத்தும்போது பெற்றோரும் கத்தினால், அந்த நேரத்தில் வீட்டில் பிரேக் யாரிடமுமே இல்லை. பெரியவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். முதிர்ந்த மூளை இருப்பது அவர்களிடம்தான்.

அம்மா கூப்பிட்டால் ஏன் காதில் விழுவதில்லை?

"நாலு தடவை கூப்பிட்டேன், காது கேக்கலையா?" இந்தக் கேள்விக்கும் அறிவியலில் ஒரு பதில் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆப்ரம்ஸ், வினோத் மேனன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அர்த்தமில்லாத சில சொற்களை அம்மாவின் குரலிலும், முன்பின் தெரியாத பெண்களின் குரலிலும் ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள்.

12 வயது வரையிலான பிள்ளைகளின் மூளையில், மகிழ்ச்சியோடும் கவனத்தோடும் தொடர்புடைய பகுதிகள் அம்மாவின் குரலுக்குத்தான் அதிகம் துடித்தன. 13 வயதுக்கு மேல் அது தலைகீழானது. தெரியாத குரல்களுக்கு அதிக வரவேற்பு. அம்மாவின் குரலை அடையாளம் காண்பதில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் மூளையின் ஆர்வம் வெளி உலகத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

கேட்கும்போது மனசு வலிக்கலாம். ஆனால் இது வெறுப்பு அல்ல. நாளைக்கு வெளியூரில் படித்து, வேலை பார்த்து, புது மனிதர்களோடு வாழப்போகிற ஒருவருக்கு இது தேவையான பயிற்சி. பிள்ளை நம்மை விட்டு விலகவில்லை, உலகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது என்று புரிந்துகொண்டால், "என்னை மதிக்கிறதே இல்லை" என்ற கோபம் பாதியாகக் குறையும்.

ராத்திரி 12 மணி வரை விழிப்பு, காலையில் எழுப்ப முடியவில்லை. சோம்பேறித்தனமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன், பருவ வயதில் வழக்கத்தைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் 9 மணிக்குப் படுக்கச் சொன்னாலும் பல பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை.

இதைக் கணக்கில் எடுத்துத்தான், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2022 முதல் நடைமுறைப்படுத்தியது.

நம்ம ஊரில் காலை டியூஷன், பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், மாலை டியூஷன் என்று ஓடும் 10-ம் வகுப்புப் பிள்ளைக்கு 8 மணி நேரத் தூக்கம் கிடைப்பதே அபூர்வம். இதில் போன் வேறு. பள்ளி நேரத்தைப் பெற்றோரால் மாற்ற முடியாது. ஆனால் இரவு 10 மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம். எல்லோருடையதும் என்பதில் அப்பாவின் போனும் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் "எருமை மாதிரி தூங்குறான்" என்ற சுப்ரபாதத்தைத் தவிர்க்கலாம்.

வீட்டில் நல்ல பிள்ளை, நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி?

2005-ல் அமெரிக்காவின் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகியோர் நடத்திய சோதனை இதற்கு விளக்கம் தருகிறது. 13-16 வயதினர், 18-22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் என மூன்று பிரிவினரைக் கார் ஓட்டும் வீடியோ கேம் விளையாட வைத்தார்கள். சிலர் தனியாக, சிலர் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க விளையாடினார்கள்.

நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது டீன் ஏஜ் பிள்ளைகள், தனியாக விளையாடியவர்களைவிட மிக அதிகமாக ரிஸ்க் எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. 'நாலு பேர் முன்னாடி' என்பது இந்த வயதில் அவ்வளவு பெரிய விஷயம்.

இதில் பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, நண்பர்கள், உறவினர்கள் முன்னால் பிள்ளையைத் திட்டுவது, மார்க்கைச் சொல்லிக் கிண்டல் செய்வது ஆறாத காயமாகிவிடும். சொல்ல வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

இரண்டு, பைக் சாவி. "தெருமுனை வரைக்கும்தானே" என்று கொடுக்கும் சாவி, மூன்று நண்பர்கள் பின்னால் ஏறியதும் வேறு கதையாகிவிடும். கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இந்த இடத்தில் பெற்றோர் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெண் பிள்ளைக்குச் சடங்கு, ஆண் பிள்ளைக்கு?

பெண் வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு, சீர், உறவினர் கூட்டம் என்று ஊருக்கே தெரியும். சில பெண் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய கூச்சம். அதோடு "இனிமே சைக்கிள்ல சுத்தாதே, பசங்களோட பேசாதே" என்று தடைகள் வரிசையாக வரும். உடல் மாறிய அதே வாரத்தில் சுதந்திரமும் சுருங்கினால், அந்தப் பெண் யாரிடம் கோபப்படுவாள்? அம்மாவிடம்தான்.

ஆண் பிள்ளைக்கோ யாரும் எதுவும் சொல்வதில்லை. குரல் உடைவது, மீசை அரும்புவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது எல்லாம் இயல்பு என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். அதனால் பையன் அதை நண்பனிடமோ, இணையத்திலோ தப்பும் தவறுமாகத் தெரிந்துகொள்கிறான். பைக்கில் போகும்போது அப்பா சொல்லும் இரண்டு வாக்கியம் போதும்: "இதெல்லாம் எனக்கும் நடந்துச்சுடா. பயப்பட ஒண்ணுமில்ல, எதுனாலும் கேளு." நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசுவதைவிட, முகம் பார்க்கத் தேவையில்லாத இதுபோன்ற பயணங்களில் பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள்.

எதிர்த்துப் பேசினால் மரியாதை இல்லை என்று அர்த்தமா?

'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்தப் பருவத்தின் முக்கிய வேலை என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். தனக்கென்று ஒரு கருத்து வேண்டும் என்றால், பிள்ளை முதலில் வீட்டின் கருத்தைக் கேள்வி கேட்கும். வெளியே கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று பயம். வீட்டில் கேட்டால் சோறு போடாமல் விடமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

அதனால் கருத்தையும் தொனியையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. "நீ சொல்றதுல நியாயம் இருக்கலாம். ஆனா கத்திப் பேசுனா என்னால கேக்க முடியாது. பத்து நிமிஷம் கழிச்சுப் பேசலாம்." இப்படிச் சொன்னால் கருத்துக்கு மதிப்பு கிடைத்துவிடும், கத்தலுக்குக் கிடைக்காது.

பொறுமை என்றால் சும்மா இருப்பதா?

இல்லை. 1960-களில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பெற்றோர் வளர்ப்பு முறையை மூன்றாகப் பிரித்தார். அதட்டி அடக்குவது ஒன்று. கேட்டதையெல்லாம் கொடுத்து விட்டுவிடுவது இன்னொன்று. மூன்றாவது, விதியும் உண்டு, அதற்கான காரணமும் சொல்லப்படும், பிள்ளையின் பேச்சும் கேட்கப்படும் முறை. இந்த மூன்றாவது முறையில்தான் பிள்ளைகள் பொறுப்பாகவும் தன்னம்பிக்கையோடும் வளர்வதை அவர் கண்டார்.

'தோளுக்கு மேல வளர்ந்துட்டா தோழன்' என்ற நம் பழமொழியை, இனி எந்த விதியும் கிடையாது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உத்தரவாகச் சொன்னதை இனி காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதே பொருத்தமான அர்த்தம். பாதுகாப்பு, படிப்பு, மற்றவர்களுக்கு மரியாதை ஆகியவற்றில் விதிகள் உறுதியாக இருக்கட்டும். ஹேர்கட், பாட்டு, அறை எப்படிக் கிடக்கிறது என்பதையெல்லாம் கொஞ்சம் விடலாம். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால், முக்கியமான விஷயத்தில் நம் பேச்சு எடுபடாது.

போனைப் பிடுங்கலாமா?

பொறுமையின் உண்மையான பலன் தெரியும் இடம் இதுதான்.

ஒரு பிள்ளை ஆன்லைனில் யாரிடமோ பழகி ஒரு படத்தை அனுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் இருப்பவர் 'பணம் அனுப்பு, இல்லன்னா எல்லாருக்கும் அனுப்பிடுவேன்' என்று மிரட்டுகிறார். அந்த ராத்திரி பிள்ளையின் மனசில் ஓடும் முதல் கேள்வி, 'வீட்டுல சொன்னா என்ன ஆகும்?' என்பதுதான்.

இதுவரை சின்னத் தப்புக்கெல்லாம் அடி, போன் பறிப்பு, ஒரு வாரம் குத்தல் பேச்சு என்று பழகியிருந்தால், பதில் 'சொல்லக் கூடாது' என்று வரும். மிரட்டுபவர் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். 'அம்மா திட்டுவாங்க, ஆனா கூட நிப்பாங்க' என்று பழகியிருந்தால், பிள்ளை கதவைத் திறந்து வெளியே வரும். இத்தனை நாள் காத்த பொறுமையின் விலை அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

அப்படிப் பிள்ளை வந்து சொன்னால், முதல் வார்த்தை "சொன்னது நல்லதாப் போச்சு" என்று இருக்கட்டும். பணம் அனுப்பக் கூடாது. மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, 1930 என்ற எண்ணிலோ, சைல்டு ஹெல்ப்லைன் 1098-லோ புகார் செய்யலாம். திட்டுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது.

அதற்காகப் போனைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதில்லை. ரகசியமாக எடுத்துப் பார்ப்பதைவிட, "இந்த வயசு வரைக்கும் என்னென்ன ஆப் இருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. 2024-ல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய டீன் அக்கவுண்ட் முறையில், கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி தேவை. இதற்குச் சரியான பிறந்த தேதியைக் கொடுப்பது முக்கியம்.

ரிசல்ட் நாளில் என்ன சொல்வது?

மார்க் வந்த முதல் ஐந்து நிமிடத்தில் பெற்றோர் சொல்லும் வார்த்தை பல வருஷம் நினைவில் நிற்கும். "பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்ளோ தெரியுமா?" என்பதை அன்றைக்குத் தவிர்த்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 10-ம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடக்கிறது. அதில் பாஸ் செய்தால் ஒரு வருஷம் வீணாகாமல் மேலே படிக்கலாம். ரிசல்ட் வருவதற்கு முந்தைய நாளே "மார்க் எவ்ளோ வந்தாலும் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுறோம்" என்று சொல்லிவிடுவது பெரிய பலம்.

கோபத்தில் கத்திவிட்டோம். இனி என்ன செய்வது?

வேலை அலுப்பு, கடன், வீட்டுக் கவலை. எல்லாப் பெற்றோரும் ஏதோ ஒரு நாள் வெடிக்கத்தான் செய்வார்கள். அதை எப்படிச் சரிசெய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சாரி. ஆனா நீ லேட்டா வந்தது தப்புதான், அதைப் பத்தி ராத்திரி பேசலாம்" என்று சொன்னால் மரியாதை குறையாது. தப்பை ஒப்புக்கொள்வது எப்படி என்று பிள்ளை பெற்றோரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

எப்போது பொறுமையாகக் காத்திருக்கக் கூடாது?

மனநலப் பிரச்னைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே எல்லாவற்றையும் 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கீழே உள்ள அறிகுறிகள் இருந்தால் உதவி தேவை:

- இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், எரிச்சல், அழுகை
- பெற்றோரிடம் மட்டுமல்லாமல் நண்பர்களிடமிருந்தும் விலகுவது
- பிடித்த விளையாட்டு, பாட்டு எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது
- சாப்பாடு, தூக்கத்தில் பெரிய மாற்றம்
- கை கால்களில் காயம், அதை மறைப்பது
- போதைப் பழக்கத்தின் அறிகுறிகள்
- 'நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி' போன்ற பேச்சு

கடைசி அறிகுறி தெரிந்தால் நேரடியாகவே கேட்கலாம்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனசில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியாக விடாமல், உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். பிள்ளை மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் அழைக்கலாம்.

சரி, அந்த 5 மணிக் காட்சிக்கு வருவோம்

கதவு சாத்தியாகிவிட்டது. போய்த் தட்டி "இப்ப வெளிய வர்றியா இல்லையா" என்று கத்தலாம். அல்லது, "தோசை மாவு இருக்கு. பசிச்சா சொல்லு" என்று வெளியிலிருந்தே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இரண்டாவதைச் செய்தால் அன்றைக்கே பலன் தெரியாமல் போகலாம். மறுநாளும் 'ஒண்ணுமில்ல' என்றே பதில் வரலாம். ஆனால் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "அம்மா, ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது."

அப்போது குழாயை மூடிவிட்டுத் திரும்பி, "சொல்லுடா" என்றால் போதும். அறிவுரையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.